தவறிப் பிறந்த காசுகள் – இரட்டை அச்சு நாணயங்களின் கதை

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு நாணயம் 11,36,250 டாலருக்கு விலை போனது. அது தங்க நாணயம் அல்ல. வெள்ளியும் அல்ல. ராஜா ராணி காலத்துப் புதையலும் அல்ல. 1958-ல் அடிக்கப்பட்ட சாதாரண ஒரு சென்ட் செம்புக் காசு! ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு. ஆபிரகாம் லிங்கனின் தலை பொறித்த அந்தக் காசு அமெரிக்கர்களின் வீட்டு மேஜை டிராயர்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் வகையைச் சேர்ந்தது.

அப்படியானால் இந்த ஒரு காசுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை? அதன் தலைப் பக்கத்தில் உள்ள எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தால் எழுத்துகள் எப்படித் தெரியுமோ, கிட்டத்தட்ட அப்படி. இந்த வகையில் 1958-ம் ஆண்டுக் காசுகள் மூன்று மட்டுமே இருப்பதாக அறியப்பட்டுள்ளது. இவற்றை 'டபுள்ட் டை' என்று நாணயம் சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள். தமிழில் இரட்டை அச்சு நாணயம் என்று சொல்லலாம்.

நாணயச்சாலை செய்த ஒரு தவறு எப்படிச் சொத்தாக மாறுகிறது? எந்தத் தவறுக்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்று யார் முடிவு செய்கிறார்கள்? இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

அச்சுக்கும் ஓர் அச்சு

முதலில் நாணயம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் தவறு எங்கே நடக்கிறது என்பது புரியும்.

நாணயம் அடிக்க இரண்டு அச்சுகள் வேண்டும். ஒன்று தலைப் பக்கத்துக்கு, இன்னொன்று பூப் பக்கத்துக்கு. இரண்டுக்கும் நடுவே வெற்று உலோக வில்லையை வைத்துப் பலமாக அழுத்தினால் காசு ரெடி. அச்சில் உருவம் குழியாக இருக்கும், காசில் அது மேடாக விழும். பட்டறைகளில் இதை 'டை' என்பார்கள்.

ஆனால் ஒரு அச்சு சில லட்சம் காசுகளை அடித்தாலே தேய்ந்து போகும். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் காசு அடிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான அச்சுகள் தேவை. ஒவ்வொன்றையும் கையால் செதுக்கிக் கொண்டிருக்க முடியாது. அதனால் அச்சைத் தயாரிக்கவே இன்னொரு கருவி உண்டு. அதன் பெயர் 'ஹப்'. ஹப்பில் உருவம் காசில் இருப்பது போலவே மேடாக இருக்கும். மிருதுவாக்கிய எஃகுத் துண்டின் மேல் ஹப்பை வைத்துப் பல டன் எடையில் அழுத்துவார்கள். எஃகில் குழியாக உருவம் பதியும். அதுதான் காசு அடிக்கும் அச்சு.

இங்கேதான் பிரச்சினை. எஃகை அழுத்த அழுத்த அது இறுகிக் கெட்டியாகிவிடும். ஒரே அழுத்தில் உருவம் முழு ஆழத்துக்குப் பதியாது. அதனால் பழைய முறையில் ஒரு முறை அழுத்துவார்கள், அச்சை எடுத்து உலையில் காய்ச்சி மறுபடி மிருதுவாக்குவார்கள், பிறகு அதே இடத்தில் மறுபடி அழுத்துவார்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறையும்.

'அதே இடத்தில்' என்பதுதான் முக்கியம். ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்ப் சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே மறுபடி குத்தினால் என்ன ஆகும்? மயிரிழை விலகினாலும் எழுத்துகள் இரண்டாகத் தெரியும். அச்சிலும் அதேதான். இரண்டாவது அழுத்தத்தின்போது ஹப் ஒரு துளி திரும்பியிருந்தால், அச்சில் இரண்டு உருவங்கள் பதிந்துவிடும். அப்புறம் அந்த அச்சு தேய்ந்து தூக்கி எறியப்படும் வரை அது அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில், அதே அளவில் இருக்கும்.

இதை ஒரே காசு இரண்டு முறை அடிபடுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காசு மெஷினில் சிக்கி இரண்டாவது அடி வாங்குவது அந்த ஒரு காசுக்கு மட்டும் நேர்ந்த விபத்து. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. இரட்டை அச்சு அப்படியல்ல, அதில் பிறந்தவை அனைத்தும் ஒரு தாய் மக்கள். அதனால்தான் இதை 'பிழை' என்பதைவிட 'வகை' என்று சொல்வதையே சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள்.

1955: சிகரெட் பாக்கெட்டில் வந்த அதிர்ஷ்டம்

இரட்டை அச்சு நாணயங்கள் எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 1955-ம் ஆண்டு லிங்கன் சென்ட். அதன் கதை ஒரு இரவு ஷிப்டில் தொடங்குகிறது.

பிலடெல்பியா நாணயச்சாலையில் பல மெஷின்கள் ஒரே நேரத்தில் சென்ட் அடித்துக் கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் மாட்டியிருந்த தலைப்பக்க அச்சு இரட்டை அச்சு. ஆண்டு, 'லிபர்ட்டி' என்ற சொல், மேலே உள்ள கடவுள் நம்பிக்கை வாசகம் எல்லாம் பளிச்சென்று இரண்டிரண்டாக விழுந்தன. லிங்கனின் முகம் மட்டும் கிட்டத்தட்ட ஒழுங்காகவே இருந்தது. காரணம் எளிது. ஹப் மையத்தைச் சுற்றித் திரும்பியிருந்ததால் ஓரத்தில் உள்ள எழுத்துகள் அதிகம் நகர்ந்தன, நடுவில் உள்ளது குறைவாக நகர்ந்தது. ராட்டினத்தில் ஓரத்தில் இருப்பவர்தானே அதிக தூரம் சுற்றுகிறார்!

பரிசோதகர் ஒருவர் கவனிப்பதற்குள் சுமார் 40,000 காசுகள் அடிபட்டுவிட்டன. மெஷினை நிறுத்தி அச்சைக் கழற்றினார்கள். மெஷின் அருகே பெட்டியில் இருந்தவற்றை அழித்துவிட்டார்கள். ஆனால் சுமார் 20,000 முதல் 24,000 வரையிலான காசுகள் அதற்குள் மற்ற மெஷின்களின் நல்ல காசுகளோடு கலந்து போயிருந்தன. அவற்றைப் பொறுக்கி எடுப்பதா, அல்லது அந்த இரவில் அடித்த லட்சக்கணக்கான காசுகளை மொத்தமாக உருக்குவதா, அல்லது அப்படியே விட்டுவிடுவதா? அதிகாரிகள் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சென்ட் காசை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் அவர்களின் கணக்கு. அவர்கள் பார்வையில் அது தரம் குறைந்த சரக்கு, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைக் கெடுத்தது சிகரெட். அப்போது அமெரிக்காவில் தானியங்கிப் பெட்டிகளில் ஒரு பாக்கெட் சிகரெட் 23 சென்ட். ஆனால் பெட்டியில் 25 சென்ட் காசைத்தான் போட முடியும். மீதி 2 சென்ட்டைத் திருப்பித் தர பெட்டிக்கு வழி இல்லை. அதனால் சிகரெட் பாக்கெட்டின் செலோபேன் உறைக்குள்ளேயே இரண்டு புது சென்ட்டுகளைச் செருகி வைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும் மாசாசூசெட்ஸிலும் அப்படிச் செருகப்பட்ட புதுக் காசுகளில் இந்த இரட்டைக் காசுகளும் இருந்தன. பெட்டியில் காசு போட்டவர்கள் கையில், கண்ணாடி போன்ற உறைக்குள், பளபளவென்று இரட்டை எழுத்தோடு லிங்கன்! கவனிக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் உடனே விலை ஏறிவிடவில்லை. ஆரம்பத்தில் நாணய வணிகர்கள் இதை ஒரு வேடிக்கைப் பொருளாக, சில்லறை விலைக்குத்தான் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் சேகரிப்பு என்றால் ஆண்டு வாரியாக, நாணயச்சாலை வாரியாக ஆல்பத்தின் ஓட்டைகளை நிரப்புவது. பழுதான காசுக்கு அந்த ஆல்பத்தில் இடமில்லை. மெல்ல மெல்லத்தான் நிலைமை மாறியது. வெறும் கண்ணுக்கே தெரிகிற விநோதம், எல்லோருக்கும் சொல்லத் தகுந்த ஒரு கதை, குறைவான எண்ணிக்கை. மூன்றும் சேர்ந்தன. 1955-ல் பிலடெல்பியாவில் அடித்த சென்ட்டுகள் 33 கோடிக்கும் மேல். அதில் இரட்டை 24,000 என்று வைத்தாலும் ஏறக்குறைய 14,000 காசுக்கு ஒன்று. இன்று கை மாறித் தேய்ந்த 1955 இரட்டைக் காசு ஒன்றுகூட ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. தேயாமல் செம்பின் சிவப்பு மாறாமல் இருந்தால் அதைப் போலப் பல மடங்கு.

ஆண்டின் மேல் ஆண்டு

1955 காசுதான் புகழ் வாங்கியதே தவிர, அதுதான் முதல் இரட்டை அச்சு என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு முன்பே பல இருந்தன. 1916-ம் ஆண்டு பஃபலோ நிக்கலில் ஆண்டு எண் இரண்டாக விழுந்திருக்கிறது. 1917, 1936 லிங்கன் சென்ட்டுகளிலும் உண்டு. இன்னும் பின்னால் போனால் 1873-ம் ஆண்டு செவ்விந்தியர் தலை சென்ட்டில் 'லிபர்ட்டி' என்ற சொல் இரட்டையாக இருக்கிறது. 1888-ல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த ஒரு டாலர் வெள்ளி நாணயத்தில் லிபர்ட்டி அம்மையாருக்கு உதடு இரட்டையாகி விட்டது. சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'ஹாட் லிப்ஸ்'!

இதைவிட சுவாரசியமானது ஆண்டின் மேல் ஆண்டு விழுந்த கதை. 1942-ம் ஆண்டு பத்து சென்ட் நாணயங்கள் சிலவற்றில் 2-க்குப் பக்கத்திலேயே 1 தெரிகிறது. அதாவது 1942 / 1941. ஆண்டு முடியும் சமயத்தில் இந்த ஆண்டு அச்சுகளும் அடுத்த ஆண்டு அச்சுகளும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் தயாராகும். முதல் அழுத்தம் 1941 ஹப்பில் வாங்கிய அச்சு, உலைக்குப் போய்த் திரும்பி வந்ததும் இரண்டாவது அழுத்தத்தை 1942 ஹப்பில் வாங்கிவிட்டது. 1918-ம் ஆண்டின் நிக்கலிலும் 25 சென்ட்டிலும் 7-ன் மேல் 8 விழுந்ததும் இதே வகைதான்.

பழைய காலத்தில் ஆண்டு எண்ணைக் கையால் ஒவ்வொரு அச்சிலும் குத்துவார்கள். போன ஆண்டின் அச்சு மிச்சமிருந்தால் அதன் மேலேயே புது எண்ணைக் குத்தி சிக்கனம் செய்வதும் உண்டு. எனவே 18, 19-ம் நூற்றாண்டுக் காசுகளில் எண்ணின் மேல் எண் இருந்தால் அது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது. 20-ம் நூற்றாண்டில் ஆண்டு எண் ஹப்பிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை இரட்டை அழுத்தத்தில் நேர்ந்த தவறுகள். பார்ப்பதற்கு ஒன்று போலத் தெரிந்தாலும் பிறந்த விதம் வேறு.

போலி முந்திக்கொண்டது

1969-ல் நடந்தது இந்த வரலாற்றிலேயே வருத்தமான பகுதி. அந்தச் சமயத்தில் 1969 என்ற ஆண்டோடு, பிலடெல்பியாவில் அடித்தது போன்ற இரட்டைக் காசுகள் சந்தைக்கு வந்தன. அவை கள்ளக் காசுகள். ஒரு சென்ட் காசைக் கள்ளத்தனமாக அடித்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். அதற்குள் 1955 காசின் விலை ஏறியிருந்ததே, அதுதான் காரணம். சேகரிப்பாளர்களைக் குறிவைத்து அடிக்கப்பட்ட காசு அது. கள்ளப் பணத்தைப் பிடிக்கும் பொறுப்பு அமெரிக்காவில் சீக்ரெட் சர்வீஸுக்கு உண்டு. அவர்கள் வந்து பறிமுதல் செய்தார்கள். செய்தவர்களும் பிடிபட்டார்கள்.

அதே நேரத்தில் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த, 'எஸ்' முத்திரையோடு கூடிய 1969 சென்ட்டில் நிஜமான இரட்டைக் காசுகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஏற்கெனவே போலியைப் பார்த்துச் சூடுபட்ட அதிகாரிகள் இவற்றையும் போலி என்றே எடுத்துக்கொண்டார்கள். அசல் காசுகள் பறிமுதல் ஆயின. சில அழிக்கவும்பட்டன. பிறகுதான் இவை உண்மையிலேயே நாணயச்சாலையில் பிறந்தவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அழிந்தது அழிந்ததுதான்.

இன்று 1969-எஸ் இரட்டைக் காசுகள் நூற்றுக்கும் குறைவாகவே இருப்பதாகக் கருதப்படுகிறது. 2008 ஜனவரியில் ஒன்று 1,26,500 டாலருக்கு ஏலம் போனது. அரசாங்கமே தன் தவறை அடையாளம் காண முடியாமல் தன் காசையே அழித்தது என்றால், சாதாரண சேகரிப்பாளர் என்ன செய்வார்? எது அசல், எது போலி என்று உறுதியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் தேவை என்பதை இந்தச் சம்பவம் எல்லோருக்கும் உணர்த்தியது.

அறிவு சேர்ந்த விதம்

அந்தத் தேவையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்களே. ஜான் வெக்ஸ்லர் என்பவர் 1978-லும் 1981-லும் இரட்டை அச்சுகளுக்கென்றே இரண்டு பாகமாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டார். 1983-ல் பிழை நாணய சேகரிப்பாளர்களின் இரண்டு சங்கங்கள் இணைந்து 'கோனெகா' என்ற அமைப்பு உருவானது. 1990-ல் பில் ஃபிவாஸ், ஜே.டி. ஸ்டாண்டன் இருவரும் எழுதிய 'செர்ரிபிக்கர்ஸ் கைடு' வந்தது. அதில் ஒவ்வொரு வகைக்கும் படமும் எண்ணும் இருந்தன. இன்றும் அந்த எண்களைச் சொல்லித்தான் விற்பனை நடக்கிறது.

ஹப் எப்படி விலகியது என்பதை வைத்து இரட்டை அச்சுகளை எட்டு வகுப்புகளாகப் பிரித்தார்கள். மையத்தைச் சுற்றித் திரும்பியது ஒரு வகுப்பு, 1955 காசு இதில் வரும். வேறு டிசைன் உள்ள ஹப்பால் அழுத்தியது இன்னொன்று, 1942 / 1941 போல. திரும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்தது ஒன்று. ஓரத்தில் ஒரு புள்ளியை அச்சாணியாகக் கொண்டு கதவு போலத் திரும்பியது மற்றொன்று. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்ததால், ஒரு காசில் இரட்டை எங்கே அழுத்தமாக இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அந்தக் கணக்குக்கு ஒத்துவராத காசு சந்தேகத்துக்கு உரியது.

நிஜ இரட்டையும் பொய் இரட்டையும்

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. காசில் இரட்டையாகத் தெரிவதெல்லாம் இரட்டை அச்சு அல்ல.

மெஷினில் அச்சு இறுக்கமாக மாட்டப்படவில்லை என்றால், அடித்த பிறகு விலகும்போது அது லேசாக ஆடி காசை உரசும். மேடாக இருந்த எழுத்தின் ஓரம் தட்டையாக நசுங்கி, ஒரு படிக்கட்டு போலத் தெரியும். இதற்கு 'மெஷின் டபுளிங்' என்று பெயர். இதற்குக் கூடுதல் விலை கிடையாது. இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. நிஜ இரட்டை அச்சில் எழுத்து கூடுதல் உருவம் பெறுகிறது, எனவே தடிமனாகும். இரண்டாவது உருவமும் உருண்டு மேடாக இருக்கும், எழுத்துகளின் மூலையில் பிளவு தெரியும். மெஷின் டபுளிங்கில் இருக்கும் எழுத்தே நசுங்குகிறது, எனவே எழுத்து மெலியும். இரண்டாவது உருவம் தட்டையாக, தாழ்வாக, புதிதாக வெட்டியது போல மின்னும்.

இன்னொரு நல்ல தடயம் நாணயச்சாலை முத்திரை. சென்ட் காசுகளில் 1990-க்கு முன்பு 'டி', 'எஸ்' போன்ற முத்திரை எழுத்துகளை அச்சு தயாரான பிறகு தனியாகக் கையால் குத்துவார்கள். ஹப் இரண்டு முறை விழுந்தாலும் முத்திரை அதில் சேராது. எனவே நிஜமான 1969-எஸ் காசில் ஆண்டு இரட்டையாக இருக்கும், 'எஸ்' ஒற்றையாகவே இருக்கும். ஆண்டோடு சேர்ந்து 'எஸ்'-உம் அதே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் அது மெஷின் உரசல். 1969-எஸ் காசுகளில் இந்த உரசல் நிறையவே உண்டு. ஒரே ஒரு எழுத்தைப் பார்த்தாலே லட்ச ரூபாய் கனவு கலைந்துவிடும்!

தேய்ந்த அச்சும் இரட்டை போன்ற மாயத்தை உண்டாக்கும. 1955-ம் ஆண்டிலேயே கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும் காசுகள் ஏராளம். 'ஏழையின் இரட்டைக் காசு' என்று பெயர் சூட்டி அவற்றையும் விற்றார்கள். அது வெறும் அச்சுத் தேய்மானம்.

போலிகளைப் பிடிக்கவும் பிறப்பு அடையாளங்கள் உதவுகின்றன. நிஜமான 1955 இரட்டைக் காசின் பூப் பக்கத்தில், 'சென்ட்' என்ற சொல்லின் 'டி' எழுத்துக்கு இடப்புறம் மிக மெல்லிய செங்குத்துக் கீறல் இருக்கும். அந்த அச்சைத் தீட்டியபோது விழுந்த கீறல் அது. ஒரே ஜோடி அச்சில் பிறந்தவை என்பதால் அந்த மச்சம் எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும்.

விலை எதைப் பொறுத்தது?

அரிது என்றால் விலை அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. லிங்கன் சென்ட்டில் மட்டுமே பட்டியலிடப்பட்ட இரட்டை அச்சுகள் ஏராளம். அவற்றில் பல, 1955 காசைவிட எண்ணிக்கையில் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் லென்ஸ் இல்லாமல் தெரியாத இரட்டைக்கு வாங்குவோர் குறைவு. 1972-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு பிலடெல்பியாவில் ஒன்றல்ல, பல இரட்டை அச்சுகள் பயன்பட்டன. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் முதல் அச்சின் காசுக்குத்தான் நூற்றுக்கணக்கான டாலர். மற்றவற்றுக்கு அதில் சிறு பங்கு.

முதலில் பார்க்கப்படுவது கண்ணுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது. அடுத்தது காசின் நிலை. 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறை உண்டு. செம்புக் காசு என்றால் நிறமும் சேரும்: சிவப்பு, சிவப்பும் பழுப்பும், பழுப்பு என்று மூன்று. பழைய காசு என்று புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் போச்சு, விலையும் சேர்ந்து தேய்ந்துவிடும். மூன்றாவது, முக்கியக் கையேடுகளில் அந்த வகை இடம்பெற்றிருக்கிறதா என்பது. ஆல்பத்தில் அதற்கென்று ஓர் ஓட்டை இருந்தால் எல்லோருக்கும் அது தேவைப்படும். நான்காவது சான்றிதழ். 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் தொடங்கின. காசைப் பரிசோதித்து, மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது இவர்கள் வேலை. அதன் பிறகு பார்க்காமலேயே வாங்கும் தைரியம் வந்தது.

எண்ணிக்கை எப்படி விலையை ஆட்டுவிக்கிறது என்பதற்கு 1995 நல்ல உதாரணம். அந்த ஆண்டு சென்ட்டில் 'லிபர்ட்டி' என்ற சொல்லும், கடவுள் வாசகத்தின் முதல் பகுதியும் தெளிவாக இரட்டையாக விழுந்தன. ஹப் கதவு போலத் திரும்பியதால் ஆண்டு எண் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. 'யு.எஸ்.ஏ. டுடே' பத்திரிகை முதல் பக்கத்திலேயே செய்தி போட்டது. சேகரிப்பு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட உண்டியலை உடைத்துப் பார்த்தார்கள். விலை முதலில் எகிறியது. ஆனால் தேடத் தேடக் காசுகள் வந்துகொண்டே இருந்தன. 1955 போல ஆயிரக்கணக்கில் அல்ல, அதைவிட மிக மிக அதிகமாக. விலை இறங்கிச் சில பத்து டாலரில் நின்றது. செய்தியைப் பார்த்த வேகத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். தாங்களே சில்லறையில் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவர்கள் போட்ட முதல் ஒரு சென்ட்தானே!

இது நியாயமா?

சேகரிப்பாளர்கள் நடுவே இன்றும் நடக்கும் ஒரு விவாதம் உண்டு. கடைக்காரரிடம் சாதாரண விலை போட்ட காசுகள் நடுவே ஒரு விலையுயர்ந்த வகை கிடக்கிறது. அவருக்குத் தெரியவில்லை, வாங்குபவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் செல்வது சரியா? இப்படி வாங்குவதற்கு 'செர்ரிபிக்கிங்' என்று பெயரே உண்டு. புகழ்பெற்ற கையேட்டின் தலைப்பும் அதுதானே.

கடைக்காரர் தொழில் செய்கிறார், தன் சரக்கைத் தெரிந்துகொள்வது அவர் பொறுப்பு, புத்தகம் எல்லோருக்கும் பொது என்பது ஒரு பக்கம். கணவர் விட்டுச்சென்ற காசுப் பெட்டியை விற்க வந்த ஒரு மூதாட்டியிடமும் அதே நியாயத்தைச் சொல்ல முடியுமா என்பது மறுபக்கம். முதலாமவருக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது, இரண்டாமவருக்கு அது இல்லை. அவர் நம்பித்தான் வருகிறார். கடைக்காரரிடம் செய்வது சாமர்த்தியம் என்றால், மூதாட்டியிடம் அதையே செய்வது ஏமாற்று. பார்த்த கண்ணுக்குரிய பலனை எடுத்துக்கொள்ளலாம், நம்பிக்கையை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதன் தலைகீழ் வடிவம்தான் இணைய ஏலத் தளங்களில் அதிகம். மெஷின் உரசலை இரட்டை அச்சு என்று பெயர் போட்டு விற்பார்கள். சிலர் தெரியாமல் செய்கிறார்கள், சிலர் தெரிந்தே செய்கிறார்கள். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான். படம் மங்கலாக இருந்தால், சான்றிதழ் இல்லாமல் பெரிய விலை சொன்னால், ஒதுங்கிவிடுவது நல்லது.

இனி வருமா?

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயச்சாலை முறையை மாற்றியது. அதிக அழுத்தம் கொண்ட புது மெஷின்களில் ஒரே அழுத்தில் அச்சு முழுமையாகப் பதிந்துவிடும். இரண்டாவது அழுத்தமே இல்லை என்றால் இரட்டையும் இருக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை. எஃகுத் துண்டு சற்றே சாய்ந்தபடி மாட்டியிருந்தால், முதலில் சாய்வாகத் தொட்ட ஹப், அழுத்தம் ஏறும்போது துண்டை நேராக்கும். அந்தக் கணத்தில் நடுப்பகுதியில் ஒரு சிறு இரட்டை விழுந்துவிடும். 2005-ம் ஆண்டு மினசோட்டா மாநில 25 சென்ட்டில் ஒரு மரம் கூடுதலாக முளைத்தது இப்படித்தான். 2009-ல் லிங்கனின் 200-வது பிறந்த ஆண்டுக்காக வெளியிட்ட சென்ட்டில், மரக்கட்டையில் அமர்ந்து புத்தகம் படிக்கும் இளம் லிங்கனுக்குக் கையில் கூடுதல் விரல் வந்ததும் இதே காரணத்தால்.

2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டுகள் அடிக்கப்பட்டன. ஒரு காசை அடிக்க ஆகும் செலவு அதன் மதிப்பைவிடப் பல மடங்கு ஆகிவிட்டது என்பதே காரணம். 1793-ல் தொடங்கிய ஒரு வரிசை அத்துடன் நின்றது. இனி புழக்கத்துக்கான சென்ட்டில் புதுத் தவறுகள் நிகழப் போவதில்லை.

ஆனால் ஏற்கெனவே நிகழ்ந்தவை எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன என்று சொல்ல முடியாது. 1969-எஸ் காசுகள் அடிபட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தும் சில்லறைச் சுருள்களிலிருந்து கிடைத்திருக்கின்றன. வங்கியில் 25 டாலர் கொடுத்தால் 50 சுருள்கள், 2,500 சென்ட்டுகள் கொண்ட ஒரு பெட்டி. இரவெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, மறுநாள் அதே 25 டாலருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இழப்பது தூக்கம் மட்டும்தான். 1955-ல் அதிகாரிகள் போட்ட கணக்கு, ஒரு சென்ட்டை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்பது. எழுபது ஆண்டுகளாக அந்தக் கணக்கைப் பொய்யாக்கிக் கொண்டிருப்பவர்கள் இவர்கள்தான்.